பச்சமலையில் இலை பார்த்த மாப்பிள்ளை

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் மாமனார் வீட்டில் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அதனால் வாயை அடக்க வேண்டிய பொறுப்பு மாப்பிள்ளையுடையது. இந்த ஞானம் எனக்குப் பிறந்தபோது, பச்சமலையில் ஒரு கூட்டத்துக்கு நடுவே, நோய் பிடித்த இலை ஒன்றைக் கையில் ஏந்தி நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் என் மனைவி தேன்மொழியின் அமெரிக்கத் தோழியால் வந்த வினை. ஐப்பசி பிறந்தால் போதும், அந்தப் பெண் மலைப்பாதையில் காரை நிறுத்தி, சிவப்பும் மஞ்சளுமான மரங்களுக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு படம் அனுப்பிவிடுவாள். தீபாவளியன்றும் அனுப்பினாள். "நம்ம பக்கம் இதெல்லாம் எங்கங்க" என்று தேன்மொழி பெருமூச்சு விட்டாள். நான் இன்னொரு அதிரசத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "ஏன், நம்ம பச்சமலைக்கு என்ன குறைச்சல்? இப்ப போனா எலையெல்லாம் கலர் மாறியிருக்கும். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் அப்பா அம்மா முன்னால் சவடால் அடித்தேன். (நான் பெரம்பலூர்க்காரன்தான். ஆனால் பச்சமலையைப் பஸ் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்ததோடு சரி.) அந்த வீட்டில் நான் கொடுத்த முதல் வாக்கு அது. பொய்த்துப்போனால் ஆயுசுக்கும் என் பேச்சு எடுபடாது.

மாமனார் விக்கிரமங்கலத்தில் உரக்கடை வைத்திருப்பவர். மஞ்சள் இலையைக் கண்டால் அவர் கை தானாகவே பூச்சிமருந்து அலமாரிப் பக்கம் போகும்.

"எல காயுறதப் பாக்கவா போறோம் மாப்ள?" என்றார்.

"காயுறது இல்ல மாமா. கலர் மாறுறது."

"சத்து கொறஞ்சாலும் மாறும், வேர் அழுகுனாலும் மாறும். எதுக்கும் மருந்து ரெண்டு பாட்டில் வண்டியில போட்டுக்குவமா?"

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனிதர் உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் காலை அவருடைய வெள்ளைக் காரில் கிளம்பினோம். ஸ்டியரிங்கை அவர் தெய்வத்துக்குக்கூடத் தர மாட்டார். மாமியார் ஊரையே காலி செய்துகொண்டு போவதுபோல் புளிசாதம், முறுக்கு, அதிரசம் என்று தூக்குகளை அடுக்கிக்கொண்டார். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அந்த ரோட்டு மரங்களுக்கு இரண்டே நிறம். மழைக்கு முன் சாம்பல், மழைக்குப் பின் பச்சை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மலையில் நல்ல மழை பெய்திருந்தது. மரம், செடி, கொடி, பாறைமேல் பாசி, எல்லாம் பச்சை. எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் மூண்டது.

"பச்சையாத்தான இருக்கு மாப்ள" என்றார் மாமா.

"மேல போனா மாறும் மாமா."

ஒவ்வொரு வளைவிலும் அவர் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். "பச்சமலைன்னு சும்மாவா பேரு வச்சாங்க" என்று பின்சீட்டிலிருந்து மாமியார் தன் பங்குக்குப் போட்டார். தேன்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அப்போதுதான் ஒரு திருப்பத்தில் சரிவு முழுவதும் மஞ்சள்!

"நிறுத்துங்க மாமா!" என்று அலறி, கார் நிற்பதற்குள் இறங்கி ஓடினேன். தீபாவளிச் சட்டையை இன் பண்ணியிருந்தேன். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தேன். குனிந்து எடுத்தேன், மண்டியிட்டு எடுத்தேன். "பாத்தியா, நான் சொன்னனா இல்லயா!" என்று தேன்மொழியைப் பார்த்துக் கூவினேன்.

மாமா மெதுவாக வந்து இலையை வாங்கிப் புரட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "குச்சிக்கிழங்குக் கொல்ல மாப்ள. தேமல் நோவு விழுந்துருக்கு. பாவம், கிழங்கே எறங்கிருக்காது."

நான் நழுவுவதற்குள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒருவர் ஓடிவந்தார். அந்த மரவள்ளிக் கொல்லைக்குச் சொந்தக்காரர், பெரியசாமி. "வாங்க சார், வாங்க! இப்பதான் எங்க நெனப்பு வந்துச்சா?"

எங்கள் பக்கம் பயிர் நாசமானால் நஷ்டஈட்டுக்குக் கணக்கெடுக்க ஆபீசர் வெள்ளை வண்டியில் வருவார். கெட்ட பயிரோடு விவசாயியை நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார். வெள்ளைக் கார், இன் பண்ணிய சட்டை, இலையைப் படம் பிடிக்கும் ஆள். வேறு என்ன சாட்சி வேண்டும்?

"நான் ஆபீசர் இல்லைங்க. சும்மா எல பாக்க வந்தேன்."

"அதத்தான சார் பாக்க வருவாங்க."

"அதில்லைங்க, எல அழகா..." என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டேன். அவர் அதற்குள் செடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றுவிட்டார். முகத்தில் ஒரு வருஷ உழைப்பு போன வாட்டம். அந்த மனிதரிடம் உங்கள் நஷ்டம் பார்க்க அழகாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் போட்டோ எடுத்தேன்.

அதுதான் தப்பாகிவிட்டது. "எங்க கொல்லையும் சார்" என்று நாலா பக்கமும் ஆட்கள் வந்தார்கள். கடைசியில் மாமா குரலை உயர்த்தினார். "இவரு ஆபீசர் இல்லப்பா, எங்க வூட்டு மாப்ள. எல மஞ்சளானா அழகா இருக்கும்னு ஆசப்பட்டுப் பாக்க வந்துருக்காரு."

கூட்டம் என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஓர் அம்மாள் மாமியாரிடம் தணிந்த குரலில், "தம்பிக்கு எத்தன நாளா இப்பிடி?" என்று கேட்டார்.

"கல்யாணத்துக்கு முன்ன எங்களுக்குத் தெரியலம்மா" என்றார் மாமியார்.

அதன்பிறகு என்னை யாரும் சட்டை செய்யவில்லை. மாமா கொல்லை கொல்லையாக இறங்கி, எதைப் பிடுங்கி எரிப்பது, அடுத்த நடவுக்குக் குச்சி எங்கே வாங்குவது என்று வைத்தியம் பார்த்தார். மாமியார் தூக்குகளைத் திறந்து ஊருக்கே பந்தி வைத்தார். (எனக்குப் புளிசாதம் மிஞ்சவில்லை.) தேன்மொழி என்னையும் என் இலையையும் பெரியசாமியோடு நிற்கவைத்துப் படம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினாள். "எவ்வளவு அழகு! எந்த இடம்?" என்று பதில் வந்தது.

நான் எடுத்த படங்களைப் பெரியசாமிக்கு அனுப்பிவைத்தேன். அவற்றை அவர் உண்மையான ஆபீசரிடம் காட்டினாராம். நன்றிக்கடனாக, மலையில் எங்கே இலை பழுத்தாலும் இன்றுவரை எனக்குப் படம் அனுப்புகிறார். மாசியில் மலையே நிஜமாகச் சிவந்த படத்தையும் அனுப்பி, "இது நோவு இல்ல சார், தானா உதிருது. தைரியமா வாங்க" என்றார். என் வீட்டார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை.

அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். பிரசவ அறைக்கு வெளியே நான் நகம் கடித்துக்கொண்டு நிற்க, நர்ஸ் குழந்தையோடு வந்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. புள்ள லேசா மஞ்சளா இருக்கு, சரியாயிடும்" என்றார்.

என் மாமனார் பேத்தியை எட்டிப் பார்த்தார். பிறகு ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

"வாங்க மாப்ள. ஆச தீரப் பாத்துக்குங்க."