வெந்நீர்த் தொட்டியில் சம்பந்தி

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.

பெருமதிப்பிற்குரிய அர்ஜுனன் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் சிவசங்கரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரத்தினமும் சௌக்கியம். ஆம்பூரில் உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் நான் சொன்னதில் பாதி காதில் விழவில்லை, ஜப்பானில் சம்பந்தியோடு என்னதான் நடந்தது, விவரமாக எழுது என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்கும் சம்பந்தி கிருஷ்ணப்பாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பது முழுசாகத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் கீழே பந்தியில் இருந்தீர்கள். வைஷ்ணவி கல்யாண வரவேற்பில் அவர் மைக்கைப் பிடித்தார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர், மைக் கிடைத்தால் விடுவாரா? வந்தவர்களுக்கு நன்றி, சமையல்காரருக்கு நன்றி, பூ அலங்காரம் செய்தவருக்கு நன்றி, வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைத்த செக்யூரிட்டிக்கு நன்றி, ஜெனரேட்டர்காரருக்குக்கூட நன்றி. பெண்ணைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, அவர் மகன் மஞ்சுநாத்துக்குக் கொடுத்தவன் அதே மேடையில் மூன்றடி தூரத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன், என் பெயர் மட்டும் வரவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கிப் போனவன் பெண்ணை வழியனுப்பக்கூட வரவில்லை. அவ்வளவுதான். அதன் பிறகு ரத்தினமும் சம்பந்தியம்மா சந்திரம்மாவும் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசுவார்கள், நானும் அவரும் பேசுவதில்லை.

இப்படி இருக்கையில், ஒஸாகாவில் இருக்கும் வைஷ்ணவி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த போன். “அப்பா, நீங்களும் மாமாவும் பேசிக்கலன்னா நான் டெலிவரிக்கு பெங்களூருக்கே வரமாட்டேன். ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கிற வீட்ல என் குழந்தை பொறக்க வேணாம். இங்கயே பாத்துக்கறேன்” என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். ரத்தினம் மூன்று நாள் எனக்குக் காபியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள், கையில் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் நான்கு டிக்கெட் வந்தது, நான்கு பேருக்கும் ஒரே விமானத்தில். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன், அவர் கன்னடப் பேப்பரை மூன்று தடவை படித்துக்கொண்டு வந்தார்.

ஒஸாகாவில் நான்கு நாள் இருந்துவிட்டு, மாப்பிள்ளை எங்களை ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு மலைக்கிராமத்துச் சத்திரத்துக்கு அழைத்துப் போனார். பூமிக்குள்ளிருந்து தானாக வெந்நீர் வருகிற ஊர். முழுக்க மரத்தால் கட்டிய பழைய கட்டடம். வாசலிலேயே செருப்பைக் கழற்றி வேறு செருப்புக் கொடுத்தார்கள், பாய் விரித்த அறைக்குள் அதையும் கழற்ற வேண்டும், கக்கூஸுக்கு என்று இன்னொரு ஜோடி. நான் அந்த மூன்றாவது ஜோடியைக் கழற்ற மறந்து நடைவழி முழுக்க நடந்துவிட்டேன், சத்திரத்து அம்மா பின்னாலேயே குனிந்து குனிந்து ஓடி வந்தார். கட்டிக்கொள்ள ஒரு நீளமான பருத்தி அங்கி கொடுத்தார்கள். வேட்டி கட்டுகிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டினேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்படி மடித்துக் கட்டுவது பிணத்துக்காம், உயிரோடு இருப்பவர்களுக்கு இடது பக்கம்தான் மேலே வர வேண்டுமாம். சம்பந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, எனக்குத் தெரியாதா?

அறை இரண்டுதான். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. மஞ்சுநாத் எங்கள் அறையில் பையை வைத்தார், “ஆபீஸ் கால் மாமா, அரை மணி நேரம். நீங்க ரெண்டு பேரும் குளிச்சிட்டு வந்துருங்க” என்றார், போயே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு மணிக்கு என்ன ஆபீஸ் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அத்தான், அந்தக் குளியலைப் பற்றி அக்காவிடம் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, அது சரி. ஆனால் உள்ளே ஒட்டுத்துணி ஆகாது. கைக்குட்டைக்குக் கொஞ்சம் பெரியதாக ஒரு துண்டு தருகிறார்கள், அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது, தலையில் மடித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு வருஷமாக முகத்தைப் பார்க்காத மனிதரோடு நான் அந்தக் கோலத்தில் நிற்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு தடை. பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்று படம் போட்டு வைத்திருந்தார்கள். சம்பந்தி அங்கியைக் கழற்றினால், இடது தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஆஞ்சநேயர். வாலிபத்தில் கரடிமனை என்று கன்னடத்தில் சொல்கிற குஸ்திக் கூடத்தில் பழகியபோது குத்திக்கொண்டதாம். முப்பது வருஷம் ஹெட்மாஸ்டர் சட்டைக்குள் இருந்தவர் ஜப்பானில் வெளியே வந்துவிட்டார். சத்திரத்து அம்மா இதற்கென்றே வைத்திருந்த தோல் நிறப் பிளாஸ்திரி ஒன்றை மாப்பிள்ளை முன்கூட்டியே வாங்கி அங்கே வைத்திருந்தார். சம்பந்திக்கோ கை பின்னால் எட்டவில்லை. என்னிடம் கேட்கவும் மனசில்லை. கண்ணாடியைப் பார்த்து, “யாராச்சும் ஒட்டினா சென்னாகிருத்தே, நல்லாருக்கும்” என்றார். நானும் கண்ணாடியிடமே, “திரும்பினா ஒட்டலாம்” என்றேன். திரும்பினார். ஒட்டப் போகும்போது, “சாமி மூஞ்சி மேல பிளாஸ்திரியா?” என்று குரல் இறங்கிவிட்டது. வாலிலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே ஒட்டி, முகத்தைக் கடைசியில் மூடினேன். இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

தொட்டி, பாறைக்கு நடுவில் திறந்தவெளியில் இருந்தது. சுற்றிலும் மரம், மேலே வானம், தண்ணீரிலிருந்து ஆவி. நான் முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவன், கையை வைத்ததுமே சொல்லிவிடுவேன்: நாற்பத்து நான்கு டிகிரி. தடாலென்று இறங்கினேன். அவர் கட்டைவிரலை வைத்து, “அப்பப்பா, பிசி பிசி, சுடுது!” என்று இழுத்துக்கொண்டவர், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பத்து நிமிஷத்தில் ஏறிவிட வேண்டும் என்று படம் இருந்தது. அவர் ஏறட்டும் என்று நான், நான் ஏறட்டும் என்று அவர். பத்து, பதினைந்து, இருபது. அவர் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் எழுந்தார். எழுந்தவர் அப்படியே சாய்ந்தார்.

“பீகரே, தலை சுத்துது” என்றார். கன்னடத்தில் சம்பந்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. தாவிப் பிடித்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பாறை ஓரமாகப் படுக்க வைத்தேன். குளிர்ந்த தண்ணீரை மொண்டு நெற்றியில் ஊற்றினேன். இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் சந்திரம்மா முகத்தில் எப்படி விழிப்பேன், வைஷ்ணவிக்கு என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே இன்னும் இரண்டு மொண்டு ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“பீகரே, அன்னிக்கு மைக்ல... உங்க பேரு மறந்துபோச்சு.”

“என்ன சார் சொல்றீங்க?”

“சத்தியமா. சிவசங்கரனா, சங்கரநாராயணனா, சிவராமனா? எறநூறு பேரு முன்னாடி தப்பாச் சொன்னா மரியாதை போயிடும்னு விட்டுட்டேன். அட்டெண்டன்ஸ் எடுத்தே முப்பது வருஷம் போச்சு, சம்பந்தி பேரு தெரியலன்னு எந்த மொகத்தோட சொல்றது? நீங்களும் கோவமா எறங்கிப் போயிட்டீங்க.”

ஆவிக்குள் கிடந்த நானும் உண்மையைச் சொன்னேன். “கோவம் இல்ல சார். அழுக வந்துடுச்சு. மண்டபத்துக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற எடத்துல நின்னு அழுதேன். மூஞ்சி வீங்கிப்போச்சு, எப்படித் திரும்பி வர்றது? கோவமாப் போயிட்டார்னு எல்லாரும் சொன்னாங்க, அதுவே கௌரவமா இருக்குன்னு விட்டுட்டேன்.”

 அவர் வானத்தைப் பார்த்து, “சிவசங்கரன்” என்றார். “சிவசங்கரன், சிவசங்கரன்” என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு என்னமோ போலாகிவிட்டது, அத்தான்.

அன்று சாயங்காலச் சாப்பாட்டில் பதினோரு சின்னக் கிண்ணங்கள் வந்தன. மீன் வாசம் இருந்ததையெல்லாம் அவர் என் பக்கம் தள்ளினார், டோஃபுவையெல்லாம் நான் அவர் பக்கம் தள்ளினேன். வைஷ்ணவி பார்த்துக்கொண்டே இருந்தவள், எழுந்து பக்கத்து அறைக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். ஏழாம் மாசம் பெங்களூருக்கு வருகிறாள். சீமந்தம் இங்கேதான். நீங்களும் அக்காவும் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும்.

மற்றபடி வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் பிள்ளைகளுக்கு ஆசியும். அக்காவின் முழங்காலுக்குத் தனியாக என் விசாரிப்பு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மைத்துனன்,
சிவசங்கரன்

பி.கு.: இதை ஒட்டி வைத்தவன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று மல்லேஸ்வரத்தில் சம்பந்தி வீட்டில் விருந்து. பதினான்கு பேர் நடுவில் அவர் சொல்கிறார், தொட்டியில் மயங்கி விழுந்தது நானாம், என்னைத் தூக்கிப் போட்டுக் காப்பாற்றியது அவராம்! பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாட்சிக்கு மாப்பிள்ளையைப் போனில் பிடித்தேன். அவர் தயங்கித் தயங்கி, “மாமா, நீங்க ரெண்டு பேருமே மயங்கித்தான் கெடந்தீங்க. தூக்கிட்டு வந்தது நானும் அந்தச் சத்திரத்துச் சமையல்காரரும்” என்கிறார். ஆகவே மேலே நான் எழுதியதில் யார் யாரைப் பிடித்தது என்கிற பகுதியை அக்காவுக்குப் படிக்க வேண்டாம். சம்பந்தியோடு எனக்கு இனிமேல் பேச்சு வார்த்தை கிடையாது. இது வைஷ்ணவிக்குத் தெரியக் கூடாது, டிக்கெட் எடுத்துவிட்டாள். அவள் வீடியோவில் வரும்போது மட்டும் சிரித்துப் பேசுவது, மற்ற நேரத்தில் பேசுவதில்லை என்று நானும் கிருஷ்ணப்பாவும் முடிவு செய்திருக்கிறோம். இன்று காலை போனில் முக்கால் மணி நேரம் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.