பொரிப் பொட்டலத்தில் போன பட்டியல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதற்கென்று எனக்குப் புரியாத பொருளைக் குப்பை என்று முடிவு கட்டிவிடுவேன். இதற்காக வீட்டில் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. ஒரு ஆயுதபூஜை அன்று இதனாலேயே என் வேலை போகப் பார்த்தது.

ஆழ்வார்பேட்டையில் மூன்றே பேர் கொண்ட சாஃப்ட்வேர் அலுவலகம். முதலாளி ஸ்டெல்லா மேடம், சீனியர் ரஃபி பாய், சேர்ந்து நான்கு மாதம் ஆன நான். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கு மாணவர் சேர்க்கை சாஃப்ட்வேர் செய்திருந்தோம். விஜயதசமி காலை ஏழரைக்கு லேப்டாப்போடு அங்கே நிற்க வேண்டும்.

"ஒழுங்கா ஓடுச்சுன்னா உன்னை பர்மனென்ட் பண்றேன் பாலாஜி" என்றார் மேடம். (அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.)

முந்தின நாள் ஆயுதபூஜை. சுத்தம் செய்வது என் பொறுப்பு. மின்விசிறி, மேஜை, ஜன்னல் எல்லாம் துடைத்தும் வேகம் அடங்கவில்லை. லேப்டாப்புக்கு உள்ளேயும் புகுந்தேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. தேதி கணக்கிட ஒன்று, படம் ஏற்ற ஒன்று என்று யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் பேக்கேஜ்களை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். நாற்பதுக்கு மேல் இருந்தன. பாதிப் பெயர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. (நாம எழுதலையே, நமக்கு எதுக்கு?) நீக்கிவிட்டேன். சாஃப்ட்வேரின் முதல் பக்கம் திறந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

சுவரில் ஏதோ பெயர்களும் எண்களுமாக ஒரு பழுப்புத் தாள். அதையும் கிழித்து, நான்காக்கி, பொரி மடித்தேன். மேடத்துக்கு, ரஃபி பாய்க்கு, வாட்ச்மேன் அண்ணனுக்கு, எனக்கு.

பூஜை முடிந்து பொரி கொறிக்கும்போது என் சாதனையைப் பெருமையாகச் சொன்னேன். ரஃபி பாய்க்குப் புரையேறியது.

"இன்னாது, பேக்கேஜைத் தூக்கிட்டியா?" என்று லேப்டாப்பை நோக்கிப் பாய்ந்தார்.

மேடம் குறுக்கே வந்தார். "பூஜையில வச்சதைத் தொடக்கூடாது. நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்."

"மேடம், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க..." என்று இழுத்தேன்.

"அதனால? செய்யறதை முறையா செய்யணும்" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கே கூடினோம். சந்தனத்தைத் துடைத்து, நீக்கியதை எல்லாம் இணையத்திலிருந்து மறுபடி இறக்கினோம். ரஃபி பாய் தன் மூன்று வயது மகள் ஆயிஷாவின் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தார். 'இக்குழந்தை இன்னும் பிறக்கவில்லை' என்று வந்தது.

"அப்போ நேத்து என் கழுத்துல தொங்கிக்கினு இருந்தது யாருடா?" என்றார் என்னைப் பார்த்து. "எல்லாம் புதுசா வந்து இறங்கிக்கீது. தேதி பேக்கேஜ்ல நமக்குப் பழைய வெர்ஷன்தான் சரியா வரும். நம்பர் சுவத்துல கீது, பாத்துச் சொல்லு."

சுவர் பளிச்சென்று இருந்தது.

"பொரி..." என்றேன்.

(அந்த எண்ணை வேறெங்கும் எழுதி வைக்காதது ரஃபி பாயின் தவறு. அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.) அவர் பொட்டலமும் என்னுடையதும் குப்பை வண்டியில் போயிருந்தன. வாட்ச்மேன் அண்ணனுடையதில் படம் ஏற்றும் பேக்கேஜின் எண் மட்டும் அழகாக இருந்தது. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் கைப்பையைத் திறந்து தன் பொட்டலத்தை எடுத்தார். மிச்சமிருந்த பொரியை உள்ளங்கையில் கொட்டி, நிதானமாகத் தின்று முடித்து, தாளை நீட்டினார். தேதி பேக்கேஜ் அதில் இருந்தது. கடைசி எண்ணின் மேல் சந்தனம்.

"மூணா, எட்டா?" என்றார் ரஃபி பாய்.

எட்டு போட்டோம். பிறக்கவில்லை. மூன்று போட்டோம். ஆயிஷா பிறந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

பள்ளி வாசலில் முதல் குழந்தை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது நாங்களும் இறங்கினோம். மாலைவரை சாஃப்ட்வேர் தடங்கலின்றி ஓடியது. நான் பர்மனென்ட் ஆனேன். ஆனால் அந்த உத்தரவின் அடியில் மேடம் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஆயுதபூஜைக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் இவருக்குக் கட்டாய விடுப்பு.'

ஆயிஷா இப்போது எட்டாம் வகுப்பு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் காலையில் முதல் போன் எனக்குத்தான்.

"அங்கிள், நான் பொறந்துட்டேனா?"

"பொறந்துட்டே கண்ணு."

"சும்மா சொல்லாதீங்க. சிஸ்டத்துல பாத்துட்டு சொல்லுங்க!"