வயது வந்தோருக்கு மட்டுமான பொய்கள்

பிரெஞ்சுக் குடியரசில் யார், எந்த வயதில், எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று தீர்மானிக்க பாரிஸில் ஒரு மூன்றாம் மாடியில் கமிட்டி ஒன்று இயங்கி வருகிறது. செவ்வாய்தோறும் காலை ஒன்பதரைக்குக் கூடும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் தேசத்தின் ஒழுக்கம் காப்பாற்றப்படும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இயக்குநர் ஒதீல் கெர்வெல்லா எடுத்த படம் விசாரணைக்கு வந்தது. கதை சின்னது. கடற்கரைக் கூடார முகாமில் ஒரு அக்கா, ஒரு தங்கை. பதினேழு வயது அக்காவிடம் சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன் இருபது நிமிஷம் இனிக்க இனிக்கப் பேசுகிறான். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவன் விடும் பொய்களை விரல் விட்டு எண்ணுகிறாள். மொத்தம் பதினொன்று. அக்கா அத்தனையையும் நம்புகிறாள். அவன் போனவன் போனவன்தான்.

இது ஒதீலின் சொந்த அக்காவுக்கு நடந்தது. பாவம், இரண்டு வருஷம் தபால்காரனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை, பதினைந்து வயதுப் பெண்களுக்காவது சொல்லிவைப்போம் என்று ஒதீல் ஏழு வருஷம் நாயாய் அலைந்து இந்தப் படத்தை எடுத்தாள். 'பதினெட்டுக்கு மேல்' என்று முத்திரை விழுந்தால் அவ்வளவும் பாழ்.

பத்திரிகைகள் 'துணிச்சலான படம்' என்று எழுதிவிட்டதால் அன்று ஓர் உறுப்பினர்கூட விடுப்பு எடுக்கவில்லை. அடேயப்பா, என்ன கடமையுணர்ச்சி! படமோ முத்தம்கூட இல்லாமல் ஓடி முடிந்தது. பேச்சு, பேச்சு, பேச்சு.

தலைவர் முசியே மல்லெரே தொண்டையைச் செருமினார். "மதாம், மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. இதுல ஒண்ணுமே இல்லியே!"

"அப்போ எல்லாரும் பார்க்கலாம்னு குடுத்துடுங்க."

"அதெப்படி? ஒண்ணுமே இல்லாம எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. ஆபத்தே அங்கதான் இருக்கு."

"போன வாரம் நாப்பத்தேழு பேரை வெட்டிச் சாய்ச்ச படத்தை சின்னப் பசங்க பார்க்கலாம்னு விட்டீங்களே?"

"அவங்க யாரும் கேள்வி கேக்கலை மதாம். மரியாதையா செத்தாங்க."

சட்ட ஆலோசகர் முசியே துர்மெல் கையைத் தூக்கினார். "எனக்கு எண்ணிக்கையிலேயே ஆட்சேபணை இருக்கு. ஏழாவது பொய், பொய்யே இல்லை. 'உன்ன மாதிரி ஒருத்திய நான் பார்த்ததே இல்ல'ங்கறது வெறும் மிகைப்படுத்தல். நானே சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?" என்றார் கமிட்டியின் ஒரே பெண் உறுப்பினரான மதாம் ஷொவ்லே.

"நிறைய பேர்கிட்ட." வாயை மூடிக்கொள்வதற்குள் சுருக்கெழுத்தர் அதைக் குறித்துவிட்டார்.

இளைஞர் பிரதிநிதி கஸ்பாருக்கு இருபத்து மூன்று வயது. அவன் முகம் வெளுத்திருந்தது. "ஐயா, நாலாவது பொய்யை நான் இப்பதான் ஒரு இடத்துல சொல்லிக்கிட்டிருக்கேன். இந்தப் படம் வெளிய போயிடுச்சுன்னா எங்க கதி என்ன?"

பொதுநலன் பாதிக்கப்படக்கூடும் என்று பதிவாயிற்று.

மணி பன்னிரண்டே கால். கீழே உணவகத்தில் வாத்து ஆறிக்கொண்டிருந்தது. தலைவருக்குக் கருணை பிறந்தது.

"ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பொண்ணு விரல் விட்டு எண்றதையும், அவன் ஓடிப்போறதையும் தூக்கிடுங்க. மிச்சம் அவ்வளவு அழகு! பள்ளிக்கூடங்களுக்கே நான் சிபாரிசு பண்றேன்."

"இல்லேன்னா?"

"பதினெட்டு."

வெளியே தயாரிப்பாளர் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு குதித்தார். "வெட்டாத ஒதீல்! பதினெட்டுன்னு விழுந்தாதான் கௌரவம். விமர்சகனுங்க தலைமேல தூக்கி வச்சு ஆடுவானுங்க."

"அவனுங்களுக்கு அம்பது வயசாச்சு. அவனுங்க தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறானுங்க?" என்று சீறினாள் ஒதீல்.

ஆனால் ஒரு வாரம் யோசித்ததில், பார்க்க வேண்டியவர்கள் பாதியாவது பார்க்கட்டுமே என்று அவள் மனசு இறங்கிவிட்டது. உட்கார்ந்து பத்தொன்பது நிமிஷத்தை வெட்டி எறிந்து, வெட்டியவற்றின் பட்டியலில் கையெழுத்தும் போட்டாள். 'இளம் உள்ளங்களில் நம்பிக்கையை விதைக்கும் தன்மையது' என்று, அந்தப் பட்டியலையும் இணைத்து, சான்றிதழ் வந்தது. விதைப்பார்கள், விதைப்பார்கள்!

மார்ச் மாதம் ரென் நகரத்தில் பள்ளிக்கூடக் காட்சி. நூற்றிருபது பெண்கள், மூன்று பஸ். படம் முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. பாதிப் பேர் சந்தோஷத்தில் அழுதார்கள். வாசலில், பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண் ஒதீலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி மதாம். எங்கிட்டயும் ஒருத்தர் இப்படியேதான் பேசறார். ஒரு வார்த்தை மாறல. நம்பலாமா வேண்டாமான்னு ஒரு மாசமா குழம்பிக்கிட்டிருந்தேன். இப்ப தெளிஞ்சிடுச்சு. சனிக்கிழமை வீட்டுல சொல்லாம அவரோட கிளம்பறேன்."

ஒதீல் அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். "அம்மாடி, போகாத! அவ்வளவும் பொய். பதினொண்ணும் பொய்! படத்துல இருந்துச்சும்மா, நான்தான் பாவி..."

கூட வந்த ஆசிரியை பதறிப்போய்க் குறுக்கே புகுந்தார்.

"மதாம், மதாம்! அந்தப் பகுதியெல்லாம் பதினெட்டு வயசுக்கு மேலதான். குழந்தைங்க முன்னாடி இதெல்லாம் பேசலாமா? நீங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"