ஒருவேளைக்காரர்

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். செலவழிக்கவே விடாதவரைப் பார்த்ததுண்டா? அவருக்கு ஒருவேளைக்காரர் என்று பெயர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. எண்பத்தாறில் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய தேவதாஸ் அதன் உச்சம்.

அவரிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு ஒரு ஸ்டெபிலைசர், கரெண்ட் போனால் ஒரு பேட்டரி, அந்த பேட்டரி போனால் இன்னொரு பேட்டரி, அதுவும் போனால் என்று வாசலில் தார்ப்பாய் போர்த்திய ஜெனரேட்டர், வெயிலுக்கு ஏசி, ஏசிக்குத் தனி ஸ்டெபிலைசர். இத்தனை பந்தோபஸ்துக்கும் நடுவில், வந்திறங்கிய மந்திரி மாதிரி, அது எந்த வேலையும் செய்யாமல் அமர்ந்திருந்தது.

கரெண்ட் இருந்தால், "வேணாம்மா, ஒருவேளை வோல்டேஜ் எகிறிட்டா?"

கரெண்ட் போனால், "பேட்டரி கெடக்கட்டும். ஒருவேளை இதவிடப் பெரிய பவர் கட்டு வந்துட்டா?"

பாடம் மட்டும் தவறாமல் நடந்தது, அணைத்த கம்ப்யூட்டரில். அங்கே படித்த சலீமா கறுப்புத் திரைக்கு முன்னால் விரல் நோகத் தட்டினாள்.

"எழுத்தே தெரியலையே சார்?"

"மனசுல பாத்துக்கம்மா. மனசுக்குக் கரெண்ட் செலவில்ல."

தேங்காய்த்திட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை காலி என்றார்கள். அது கிடைத்தால் நிக்காஹ் பேச்சைத் தள்ளிப்போடுவதாக அம்மா அக்தர் பேகம் வாக்குக் கொடுத்திருந்தார். சலீமா அந்த வாக்கை நம்பித்தான் தேர்வுக்குப் போனாள். உட்கார்ந்ததும் கடகடவென்று தட்டினாள். பிழையே இல்லை. மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா, ஒண்ணையுமே காணோம்?"

"அடிச்சு முடிச்சிட்டேன் சார்."

"மொதல்ல சுவிட்சப் போடணும்மா!"

சுவிட்ச் எங்கே என்று தேடும்போதுதான் அவளுக்கு உறைத்தது: இத்தனை மாதத்தில் அதை அவளுக்கு யாரும் காட்டவே இல்லை.

வேலை வேறொருத்திக்குப் போனது. நிக்காஹ் தேதி குறித்தாயிற்று. சேதி கேட்ட தேவதாஸ் கொஞ்சமும் கலங்கவில்லை.

"நம்ம பயிற்சில கொறையில்லம்மா. ஒருவேளை அன்னைக்கு அங்க கரெண்ட் போயிருந்தா, நீதான் மொத ஆளு."

"ஒருவேளை நீங்க ஒரே ஒரு தரம் சுவிட்சப் போட்டிருந்தா சார்?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"ஃபியூஸ் போயிருக்கும்மா."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் கல்யாணத்துக்கு வந்த மிக்சி இன்னும் அட்டைப்பெட்டியில்தானே இருக்கிறது? டி.வி.க்குத் தைத்த உறை டி.வி.யைவிட அதிகம் வெளிச்சம் பார்க்கிறதே, ஏன்? பதில் சொல்ல வேண்டாம். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும்.