‘ஏன்லா’ அண்ணனும் மலிவு விலை விமானமும்

சிலாங்கூர் மாநிலத்தில் இதுவரை பிறந்த சந்தேகப் பிராணிகளையெல்லாம் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறு தட்டில் ‘ஏன்லா’ அண்ணனை மட்டும் உட்கார வைத்தால், அவருடைய தட்டுதான் கீழே இறங்கும். உட்காருவதற்கு முன்னால் தராசு யாருடையது என்று விசாரித்திருப்பார் என்பது வேறு விஷயம்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் ஒரே மலிவு விலை விமான நிறுவனத்தில் வேலை பார்த்தோம். நான் பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு அனுப்பும் முகப்பில் இருந்தேன். அவர் வெளியே வெயிலில், அதே பெட்டிகளை விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றும் குழுவில் இருந்தார். எல்லாரும் நெஞ்சில் பெயர் அட்டை மாட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அவரும் மாட்டியிருந்தார், எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பி.

“சம்பளம் போடுறவனுக்கு என் பேரு தெரியும். ஊருக்கெல்லாம் ஏன்லா தெரியணும்?” என்பார். எதைச் சொன்னாலும் அந்த ‘ஏன்லா’ வந்து விழும். கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

என் வீடு செரண்டாவில். அவர் சுங்கை சோவில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தார். தினமும் அவருடைய பழைய காரில்தான் விமான நிலையத்துக்குப் போவேன். போகிற வழியெல்லாம் நிறுவனத்தின் மீது விசாரணை நடக்கும்.

“கோழிச்சோறு விலைக்கு டிக்கெட் விக்கிறான். எப்படிலா கட்டுப்படியாகும்?”

“அதான் பெட்டிக்குத் தனியா, சாப்பாட்டுக்குத் தனியா, சன்னல் சீட்டுக்குத் தனியா வாங்குறாங்களே அண்ணே. பிளேன தரையில நிக்கவிடாம ஓட்டுறாங்க. எல்லாமே ஒரே ரகம், அதனால ரிப்பேர் செலவும் கம்மி.”

“இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“டிரெய்னிங்ல சொன்னாங்க.”

“அவனே சொன்னானா? அப்ப பாதிதான் சொல்லியிருப்பான்.” கியரை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார். “எனக்கு லோ காஸ்ட் புதுசு இல்ல தங்கச்சி. நான் லோ காஸ்ட் பிளாட்டுல குடியிருக்கிறவன். அங்க லிப்ட் கடைசியா எப்ப ஓடுச்சுன்னு போய்க் கேட்டுப் பாரு.”

இந்தக் காரணத்தால் அவர் அந்த விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் சலுகை டிக்கெட் உண்டு. அவர் மனைவி செல்வி அக்கா லங்காவிக்குப் பறந்து போக ஆசைப்பட்டார். அண்ணன் அவரை பஸ்ஸில் ஏற்றி, படகில் ஏற்றி, போன வழியே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். தீவில் இருந்ததைவிட வழியில் இருந்ததுதான் அதிகம் என்று அக்கா என்னிடம் புலம்பினார்.

எங்கள் நிறுவனத்தில் விமானத்துக்கு அடுத்தபடியாகப் பெருமை பேசப்பட்டது ‘கல்ச்சர்’. பெரியவர் சின்னவர் பேதம் கிடையாது, யாருக்கும் தனி அறை கிடையாது, யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிடக்கூடாது. எங்கள் பிரிவு மேலாளர் யோசுவா, கிள்ளான்காரர். டீ சட்டையும் தொப்பியுமாகத்தான் வருவார். வந்த முதல் நாளே ஏன்லா அண்ணனின் தோளில் கை போட்டார்.

“சார் எல்லாம் வேணாண்ணே. ஜோஷ்னு கூப்பிடுங்க.”

“சரி சார்,” என்றார் அண்ணன்.

அன்று திரும்பி வரும்போது காரணத்தைக் கேட்டேன். “சார்னு கூப்பிட்டாத்தான் பின்னாடி திட்ட வசதியா இருக்கும். கூட்டாளிய எப்படிலா திட்டுறது?” என்றார்.

ஓய்வறையில் சோபாவை எடுத்துவிட்டு, பஞ்சு மூட்டை போன்ற பெரிய மெத்தைப் பைகளைப் போட்டார்கள். இளசுகள் விழுந்து புரண்டார்கள். அண்ணன் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து காலால் தட்டிப் பார்த்தார். பிறகு வெளியே போய்ச் சாமான் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். “அதுல உக்காந்தா சட்டுனு எழுந்திருக்க முடியல. ஏன்னு யோசி.” நானும் பல நாள் யோசித்தேன். இன்னும் பிடிபடவில்லை.

விமானம் வந்து நின்றால், சீக்கிரமே மறுபடியும் கிளம்ப வேண்டும். நிற்கிற விமானம் சம்பாதிக்காது. அதனால் பணிப்பெண்களே குப்பை பொறுக்கி, இருக்கைகளைத் துடைத்து, அடுத்த பயணிகளைச் சிரித்து வரவேற்பார்கள். கை காலியாக இருப்பவர் பக்கத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும். “எங்க எஸ்டேட்டுல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவன புல்லும் வெட்டச் சொன்னா சங்கத்துக்காரன் சண்டைக்கு வருவான். இங்க அதுக்குப் பேரு கல்ச்சராம்,” என்பார் அண்ணன். ஆனால் பணிப்பெண்கள் தடுமாறும் நாளில் முதலில் படியேறிக் குப்பைப் பையை வாங்கி இறங்குகிறவரும் அவர்தான். விமானம் அசையாமல் நிற்கும்வரை உள்ளே போக அவருக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தச் சந்தேகம் எங்கே பிடித்தது என்று ரவாங் அருகே நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருநாள் சொன்னார். கோல சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவருடைய அப்பா அங்கே பால்மரம் வெட்டினார்.

“ஒரு நாள் மேனேஜர் கெடா வெட்டி எல்லாருக்கும் விருந்து வச்சான். அதுவரைக்கும் எங்கப்பா முகத்தப் பாத்துப் பேசாதவன், அன்னைக்கித் தோள்ல கை போட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டான். நாமெல்லாம் ஒரே குடும்பம்னான். அடுத்த மாசம் எஸ்டேட்ட வித்தாச்சு. நாங்க குடியிருந்த லயத்த இடிக்க மிஷின் வந்து நின்னுச்சு. எங்களத் தூக்கி பிளாட்டுல போட்டுட்டாங்க.”

முன்னால் நின்ற லோரியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “கறி நல்லாத்தான் இருந்துச்சு. அதான் கோவம்,” என்றார்.

அந்த வருடம் நிறுவனம் குடும்ப நாள் கொண்டாடியது. ஆடல், பாடல், கயிறு இழுக்கும் போட்டி. ‘ஒரே குடும்பம்’ என்று முதுகில் எழுதிய சட்டையை எல்லாருக்கும் கொடுத்தார்கள். பெட்டி ஏற்றும் குழு கயிறு இழுக்க வரவேயில்லை. அந்தச் சட்டையைப் போட்ட கையோடு அத்தனை பேரையும் அண்ணன் ரவாங்கில் லோரி ஓட்டப் பழக்கும் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கனரக வாகன உரிமம் இல்லாதவன் தன் பக்கத்தில் நின்று பெட்டி தூக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். பையன்கள் முணுமுணுத்தார்கள். ஜோஷுக்கு மனவருத்தம். என்னையும் விடவில்லை.

“இத விட்டா உனக்கு வேற என்ன தெரியும்?”

“பத்திரிகைக்கு எழுதுவேண்ணே.”

“டுயிட் குடுக்கிறானா? காசு?”

“கொஞ்சம்.”

“அதுவும் லோ காஸ்ட்தானா,” என்று தலையில் அடித்துக்கொண்டார். “பரவால்ல, விட்டுடாத.”

பிறகு நோய் வந்து உலகம் கதவடைத்தது. விமானங்களெல்லாம் சிறகை விரித்தபடி வெயிலில் வரிசையாக நின்றன. நாங்கள் வீட்டில் இருந்தோம். ஒரு காலையில் நிறுவனத்திலிருந்து பரிசுக்கூடை வந்தது. ஆரஞ்சுப் பழம், பிஸ்கட், ‘நாம் ஒரே குடும்பம்’ என்று ஒரு வண்ண அட்டை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லி எங்கே எழுதலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் அழைத்தார்.

“கூடை வந்துச்சா?”

“வந்துச்சுண்ணே. எவ்வளவு அன்பா…”

“முடிஞ்சு போச்சு. பழத்தச் சாப்பிட்டுட்டு வேற வேலை தேடு.”

அப்படிப் பேசியதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆரஞ்சு தீருவதற்குள் கணினித் திரையில் கூட்டம் போட்டார்கள். ஜோஷ் தொப்பி இல்லாமல் வந்தார். அறிவிப்பை வாசிக்கும்போதே அழுதுவிட்டார். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு வேலை இல்லை என்றார். அந்தப் பட்டியலில் தன் பெயரும் இருப்பது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

ஊரே அடைந்து கிடந்தபோதும் அரிசியும் காய்கறியும் ஓடத்தான் செய்தன. குடும்ப நாளில் முணுமுணுத்த பையன்கள் ஒவ்வொருவராக லோரியில் ஏறினார்கள். அண்ணனுக்கு தஞ்சோங் காராங்கில் ஓர் அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. கூடமாட மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னாராம். ஏன்லா அண்ணன் ஜோஷை அழைத்தார்.

நானே ஒருநாள் செரண்டா மளிகைக்கடை வாசலில் பார்த்தேன். லோரியின் பின்பக்கம் ஜோஷ் அரிசி மூட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். அண்ணன் கீழே நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “முதுக வளைக்காதீங்க சார். முட்டிய மடக்குங்க. அப்படித்தான்.” ஜோஷ் இறங்கியதும் அண்ணன் தன் பிளாஸ்கிலிருந்து முதல் கோப்பைத் தேநீரை அவருக்குத்தான் ஊற்றினார்.

“அவரு மேல இப்ப நம்பிக்கை வந்துடுச்சாண்ணே?” என்று ரகசியமாகக் கேட்டேன்.

“யாரு சொன்னா? பசிக்கிறவனுக்கு டீ குடுக்க நம்பிக்கை எதுக்கு?”

வானம் திறந்ததும் நிறுவனம் பழைய ஆட்களைத் தேடியது. முதலில் சேர்ந்தவர் ஜோஷ். சேர்ந்த கையோடு, அந்த லிப்ட் ஓடாத அடுக்குமாடியில் மூச்சு வாங்க ஏறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டார். லோரியில் சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. போகமாட்டார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

“ஏண்ணே?” என்று நான்தான் கேட்டேன்.

“அந்தப் பயலுங்களும் திரும்பிப் போறானுங்க. எல்லாரும் மறுபடி சிரிச்சுக்கிட்டு இருப்பானுங்க. பார்த்துக்க உள்ள ஒரு ஆள் வேணாமா?”

நான் போகவில்லை. எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். இப்போது அந்த நிறுவனத்தின் விமானத்தில் பயணியாகத்தான் ஏறுகிறேன், சன்னல் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டி. அதற்கு ஒரு காரணம் உண்டு. விமானம் பின்வாங்கத் தொடங்கும்போது, கீழே மஞ்சள் சட்டைக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கையசைக்காமல் நிற்பார். சக்கரத்தைப் பார்ப்பார், சிறகைப் பார்ப்பார், மூடிய கதவை மறுபடியும் பார்ப்பார். முகத்தில் துளி நம்பிக்கை இருக்காது.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டால், நான் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வேன்.