மூணாவது பாட்டுல செத்த சைமன்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், தாரகை தளவாடத் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில், ரூபஸும் அவன் தங்கை ரெனிதாவும் ஒரு ராக் இசைக்குழு நடத்திவந்தார்கள். அவன் கிதார், அவள் பாட்டு, யூசுப் டிரம்ஸ். மூன்று வருடம் பாடுபட்டு முதல் ஆல்பத்தை முடித்திருந்தார்கள். ஒரு பக்கம் சர்ச் ஆர்கனும் சாவுமணியும், இன்னொரு பக்கம் காதைக் கிழிக்கும் கிதார். கேட்ட நான்கு பேரும் பிரமாதம் என்றார்கள். அதில் மூன்று பேர் பாடி வாசித்தவர்கள். நான்காவது, அம்மா ஜெயசீலி.

வெளியீட்டு விழாவுக்குக் குடியிருப்பின் சமூகநலக் கூடம் கேட்டு, நல அலுவலர் ஜானகிராமனிடம் அண்ணனும் தங்கையும் போனார்கள். விண்ணப்பத்தில் நான்கே கட்டங்கள்: திருமணம், மஞ்சள் நீராட்டு, பணி ஓய்வு, இரங்கல்.

“இசைன்னு கட்டமே இல்லியேம்மா. பாட்டு எதைப் பத்தி?”

“சாவைப் பத்தி சார்,” என்றாள் ரெனிதா.

ஜானகிராமனின் முகம் தெளிந்தது. “இரங்கல்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன? இறந்தவர் பேரு?”

“சைமன். ஆனா அவர் பாட்டுல வர்ற ஆளு சார்.”

“எதுல வந்தா என்னம்மா? செத்தாரா, இல்லையா?”

“மூணாவது பாட்டுல செத்துட்டார்.”

“பதவி?”

“கிளார்க்கு சார்,” என்றான் ரூபஸ்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ‘மறைந்த எழுத்தர் திரு. சைமன் அவர்களுக்கு இரங்கல் கூட்டம். கலந்துகொள்ளும் ஊழியர்களுக்கு விதிப்படி அரைநாள் விடுப்பு.’

கூடம் நிரம்பி வழிந்தது. ஆல்பத்தின் கறுப்பு அட்டைக்குச் சம்பங்கி மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். சைமன் தம் பணிக்காலத்தில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்று ஜானகிராமன் தழுதழுத்தார். ஒரு பாட்டுக்கும் யாரும் கைதட்டவில்லை. பாட்டு முடியும்போதெல்லாம் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். யூசுப் டிரம்ஸைப் பிளந்துகட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஸ்டோர்ஸ் பிரிவு ஷோபனா விம்மினாள். “தங்கமான மனுஷன்! காணாமப் போன என் ஃபைலை அவர்தான் தேடிக் குடுத்தாரு.”

யாரோ எடுத்த வீடியோ பரவியது. ‘கைதட்டக்கூட மறக்கடித்த இசை’ என்று இணையத்தில் விமர்சகர்கள் எழுதினார்கள். ஆல்பம் எங்கும் ஒலித்தது. ஒரே வாரத்தில் அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை கல்லூரிப் பிள்ளைகள் கண்ணில் மையும் கழுத்தில் சம்பங்கி மாலையுமாகத் திரிந்தார்கள்.

ரூபஸுக்கு மட்டும் உறுத்தல். அந்தக் கூடத்தில் ஒருவராவது பாட்டைக் கேட்டார்களா?

ஒருநாள் சாயங்காலம் தொழிற்சங்கச் செயலாளர் கஜபதி வீடு தேடி வந்தார்.

“இன்னா பாட்டு நைனா! அடுத்தது எப்போ?”

ரூபஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “நெஜமாவே புடிச்சிருந்துதாண்ணே?”

“நம்ம ஆளுங்க அத்தினி பேரும் கேட்டுகினே கீறாங்கோ. ஒண்ணே ஒண்ணுதான் கொறை. கிளார்க்கு செத்தா அரைநாள்தான். அடுத்த தபா ஆபீசர் யாரையாவது சாவடி. முழுநாள் உடுவாங்கோ.”

ரூபஸ் பாட்டு நோட்டை எடுத்து விரித்தான்.

“ஜெனரல் மேனேஜர்னா எத்தினி நாள்ணே?”