தானாகக் கிளம்பும் ஜெர்மன் இன்ஜின்

யாரும் தொடாமலேயே ரயில் கிளம்பிவிட்டது.

சாப்பாட்டு மேசையின் மேல் வட்டமாகப் போட்டிருந்த தண்டவாளத்தில், அந்தக் கறுப்பு நீராவி இன்ஜின் மெல்ல நகர்ந்தது. வேகம் பிடித்தது. 'கூ' என்று ஓர் ஊதல் விட்டது. வளைவில் திரும்பாமல் நேராகப் போய், தோசைமாவுப் போசிக்குள் தலைகுப்புற விழுந்தது.

கவின் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். ஒன்றில் ஸ்க்ரூடிரைவர், மற்றதில் காபி டம்ளர். போன் அலமாரியின் மேல் கிடந்தது.

"நான் தொடவே இல்ல பிரவீ!"

"அப்ப அதுவாத்தான் பசிச்சுப் போய் விழுந்துச்சுங்களா?" என்றாள் அவன் மனைவி பிரவீனா.

கவின் யுபிஎஸ் ரிப்பேர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சூரமங்கலத்து வாடகை வீட்டில் ஒரு புதுத் தொழில் தொடங்கியிருந்தான். பழைய பொம்மை ரயில் இன்ஜின்களை டிஜிட்டலாக மாற்றிக் கொடுப்பது. அந்தக் காலத்து இன்ஜினுக்குத் தண்டவாளத்தில் கரண்டைக் கூட்டினால் ஓட்டம், குறைத்தால் நிறுத்தம், அவ்வளவுதான். கவின் அதன் வயிற்றுக்குள் நகத்தளவு சர்க்யூட் போர்டு ஒன்றை வைத்துவிடுவான். பிறகு போனில் விரல் வைத்தால் போதும். கட்டளை வைஃபை பெட்டி வழியாகப் போய், இன்ஜின் முன்னால் ஓடும், பின்னால் வரும், விளக்குப் போடும், ஊதும்.

மாமியார் அத்தாயி மட்டும் சொந்தக்காரர்களிடம், "எங்க மாப்பள ரயில் இன்ஜின் ரிப்பேரு பாக்கறாருங்க" என்று சொல்லி வைத்திருந்தார். அவர்களும் சர்க்கார் உத்தியோகம் என்று நினைத்து மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

மாவில் விழுந்த இன்ஜின், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஜெகதீஸ்வரனுடையது. அவருடைய அப்பா ஜெர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. "இதை நல்லா ஓட வெச்சுக் காட்டுங்க தம்பி. புடிச்சிருந்தா என் அலமாரியே உங்ககிட்ட வரும். உடம்புல மட்டும் ஒரு கீறல் விழக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் கவின் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது பிரவீனாவின் ஏற்பாடு.

"ஓடுதுங்களா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

அத்தாயிதான். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்திலிருந்து கண் ஆபரேஷனுக்காக வந்து, கறுப்புக் கண்ணாடியோடும், ஊருக்குப் பேசக் கவின் கொடுத்த பழைய போனோடும் படுத்திருந்தார். வெளிச்சத்துக்கு வரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வாய்க்கு உத்தரவு எதுவும் இல்லை.

மாவை வழித்துக்கொண்டிருந்த கவினுக்குச் சுருக்கென்றது. "நக்கலைப் பாரு உங்கம்மாவுக்கு."

"அக்கறையா கேக்கறது உங்களுக்கு நக்கலாத் தெரியுதா?"

போர்டில்தான் கோளாறு என்று கவின் முடிவு செய்தான். வேறு போர்டு வாங்கி வந்தான். அது கொஞ்சம் பெரிது. உள்ளே பாரத்துக்காக வைத்திருந்த ஈயக்கட்டியை அரத்தால் ராவி இடம் பண்ணினான். போனில் தொட்டான். இன்ஜின் சொன்னபடி நடந்தது, சொன்ன இடத்தில் நின்றது.

"பாத்தியா?" என்று அவன் மார்பை நிமிர்த்திய நேரத்தில், நின்ற இன்ஜின் பின்னால் பாய்ந்து தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. மேசை ஓரத்தில் பிரவீனா திருத்திக்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பேப்பர்கள் அத்தனையும் நனைந்தன.

"அசோகர் முழுசாக் கரைஞ்சு போயிட்டாருங்க" என்றாள் அவள், ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து. "இந்தப் புள்ளைக்கு நான் எதைப் பாத்து மார்க் போடறது?"

"இன்னும் ஓடலீங்களா?" என்றது உள்ளறை.

கவினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். மோட்டாரிலிருந்து கரண்ட் இன்ஜின் உடம்புக்குக் கசிகிறது என்று நடக்கும்போதே தோன்றியது. பேனா ரீஃபிலை வெட்டி, கசியும் இடத்துக்கு உறை போட்டான். அன்றைக்குப் பூராவும் இன்ஜின் சாதுவாக இருந்தது. மறுநாள் காலை அவன் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஊதல் கேட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் இன்ஜின் மேசையைத் தாண்டிப் பறந்து தரையில் விழுந்து, புகைபோக்கி தனியாக உருண்டது.

கவின் உடனடிப் பசையை எடுத்தான். ஈரக் கை. புகைபோக்கி இன்ஜினோடும் ஒட்டியது, அவன் கட்டைவிரலோடும் ஒட்டியது.

"ஆட்டாதீங்க" என்று பிரவீனா நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றினாள். விரல் வந்தது. கூடவே ஜெர்மன் பெயிண்டும் வந்தது.

பிறகு பிரவீனா தன் கண்மையைக் கொண்டுவந்து, வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் எல்லாம் பொறுமையாகத் தடவினாள்.

"தூரத்துல இருந்து பாத்தாத் தெரியாதுங்க."

"அவரு பக்கத்துல இருந்து பாப்பாரு பிரவீ."

அடுத்ததாகப் பக்கத்து ரயில்வே ஜங்ஷன் மேல் சந்தேகம் விழுந்தது. இவ்வளவு பக்கத்தில் ரயில் மின்கம்பிகள் ஓடுகின்றனவே, அந்த அலைதான் உள்ளே புகுந்து ஆட்டுகிறது! கவின் கடையில் இருந்த அலுமினியத் தாளை எல்லாம் வாங்கி வந்து ஜன்னல், சுவர், மேசைக் கால் என்று சுற்றினான். ஃபிரிட்ஜை நிறுத்தினான். பால் திரிந்தது. பக்கத்து வீட்டுச் செல்லாயியிடம் போய் இன்வெர்ட்டரை நிறுத்தச் சொன்னான்.

"ஏனுங் தம்பி, உங்க பொம்ம ஓடறதுக்கு நான் புழுங்கிச் சாகோணுமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் செல்லாயி.

அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, மின்னும் அலுமினியத்துக்கு நடுவில் இன்ஜின் முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி என்று ஆடிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது அவனுடைய போன்தான். அதில் ஏதாவது வைரஸ் இருக்கும். ஞாயிறு காலை அதிலிருந்த அத்தனையையும் அழித்துவிட்டு, ரயில் ஆப்பைப் புதிதாக ஏற்றினான். ஆப் வைஃபை பெட்டியின் பாஸ்வேர்டைக் கேட்டது. அதை அவன் பத்திரமாகப் போனில்தான் எழுதி வைத்திருந்தான்.

வாசலில் கார் வந்து நின்றது.

ஜெகதீஸ்வரன் உள்ளே வந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். "என்ன தம்பி, பிரியாணிப் பார்சலுக்குள்ள வந்த மாதிரி இருக்குது?"

"பாதுகாப்புக்குங்க சார்."

"சரி, ஓட்டுங்க பாக்கலாம்."

கவின் ஒரு பாஸ்வேர்டைப் போட்டான். தவறு. பிரவீனாவின் பெயரைப் போட்டான். அதுவும் தவறு. அவள் சமையலறை வாசலில் நின்று முறைத்தாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து போன் திரையில் சொட்டியது. இனி மறைத்துப் பயனில்லை என்று போனைக் கீழே வைத்தான்.

"சார், உண்மையைச் சொல்லிடறேங்க. இந்த இன்ஜின்..."

இன்ஜினின் விளக்கு எரிந்தது.

பூப்போல மெல்ல அது நகர்ந்தது. ஒரு சுற்று நிதானமாகப் போனது. வளைவில் ஊதியது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி ஊதிவிட்டு, அசங்காமல் நின்றது.

ஜெகதீஸ்வரனின் கண்கள் கலங்கிவிட்டன. "எங்கப்பா ஓட்டறப்பக்கூட இப்படி ஓடுனதில்லீங்க தம்பி. ஆமா, நீங்க போனைத் தொடவே இல்லையே?"

"அது... அதுவாவே ஓடற மாதிரி பண்ணியிருக்கறேனுங்க."

பிரவீனாவுக்கு இருமல் வந்தது.

ஜெகதீஸ்வரன் இன்ஜினைக் குழந்தையைத் தடவுவது போலத் தடவினார். விரலில் மை ஒட்டியது. "அட, கரிகூட ஒட்டுது பாருங்க!" என்று பூரித்துப் போனார். "எத்தனையோ பேருகிட்டக் குடுத்துப் பாத்துட்டேன். எல்லாரும் வண்டியை வெரட்டுவாங்க. இதுல ஒரு பதனம் இருக்குது, அனுபவப்பட்ட கை மாதிரி. என் அலமாரியில இருக்கற அத்தனைக்கும் இதையே போட்டுக் குடுத்துருங்க. அச்சு அசலா இதே ஓட்டம் வேணும், ஆமா."

"கண்டிப்பாங்க சார்" என்றான் கவின். பிரவீனா அந்த வாரத்தில் முதல் முறையாக அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காபி கலக்கத் திரும்பினாள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவித் தடவி வந்த அத்தாயி, மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்த ஒரு போனைக் கவினிடம் நீட்டினார்.

"மாப்பள, உங்க பழைய போன்ல எங்க கெணத்து மோட்டாரைப் போடறது எந்தப் பட்டனுங்க? வந்த நாளாப் படுத்துக்கிட்டே முன்னால, பின்னால, மெதுவா, வேகமான்னு அத்தனையும் அமுக்கிப் பாத்துட்டேன், அங்க தோட்டத்துல ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்களாமா!"